பெரிய வியாழனும் அப்பாவின் இடது சப்பாத்தும்

கிங்ஸ்பரி, லண்டன்
12.04.2007

பாரிஸ் லாச்சப்பல் வாழ் பெருமக்களில் ஒருவரும், என் அப்பாவுக்கு அண்ணனும், மற்ற எல்லோருக்கும் இலவச ஆலோசகருமான பெரியப்பா விஜயரத்தினம் அவர்களுக்கு,

மகன் முறையான மிதுலன் இரண்டு கையாலும் கும்பிட்டு, மூன்றாவது கை இல்லாதபடியால் ஒரு கையை விடுவித்து எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, அப்பாவின் கடை ஆகிய நால்வரும் நலம். அங்கே நீங்கள், பெரியம்மா, உங்கள் முழங்கால் ஆகிய மூவரும் எப்படி? முழங்காலைத் தவிர மற்ற இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை பிறக்கும் புத்தாண்டு முழங்காலுக்கும் நல்லதாக அமையட்டும்.

இதை ஏன் டெலிபோனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். டெலிபோனில் நீங்கள் சொல்லுவீர்கள், நாங்கள் கேட்போம், அதுதான் வழக்கம். கடிதத்தில் மட்டும்தான் உங்களை இடையில் பேசவிடாமல் வைத்திருக்க முடியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குகதாசன் வாத்தியார் "உறவினருக்கு ஒரு கடிதம்" என்று ஒன்பது வருடமாக எங்களை வதைத்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைக்கிறது.

விசயத்துக்கு வருகிறேன். அப்பா சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரக் கடையில் நடந்த குலுக்கலில், எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாரக் கப்பல் பயணம் விழுந்தது உங்களுக்குத் தெரியும். விழுந்த அன்றே நீங்கள் போன் எடுத்து, "குலுக்கலில விழுந்தது கப்பல். கப்பலால விழப்போறது உன்ர கொப்பர்" என்றீர்கள். அது ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது, பெரியப்பா. அப்பா பக்கத்தில் நின்று வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். அதோடு விட்டீர்களா? "கடையும் வீடும் தவிர வழி தெரியாத மனுசன். எங்கையாவது ஒரு துறைமுகத்தில கப்பலை விட்டிட்டு நிக்கப்போறான். எங்கட குடும்ப மானம் கப்பலேறப்போகுது" என்றும் சொன்னீர்கள். மானம் ஏறியதோ இல்லையோ, நாங்கள் ஏறினோம். எப்படி ஏறினோம் என்பதைத்தான் நாற்காலியில் சாய்ந்து இருந்து வாசிக்கப்போகிறீர்கள்.

பார்படோஸ் வரை விமானம், அங்கிருந்து கப்பல். முதல் துறைமுகங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடற்கரை, தேங்காய், வெள்ளைக்காரர் சிவப்பாகும் காட்சி. ஏப்ரல் ஐந்தாம் தேதி, பெரிய வியாழக்கிழமை, கொலம்பியாவிலுள்ள கார்த்தகேனா என்ற பழைய நகரத்தில் கப்பல் நின்றது. காலை எட்டு மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், ஐந்துக்கு மேல் கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொன்னார்கள். அப்பா அதைக் கடைச் சிட்டையின் பின்பக்கம் எழுதி மூன்று தரமும் அடிக்கோடிட்டார். இறங்கும்போது ஆளுக்கொரு கார்ட்டைக் கருவியில் காட்டி இறங்கினோம். ஏறும்போதும் அதைத்தான் காட்ட வேண்டும். துறைமுகத்து வாங்குப் பலகையில் இருந்தபடி அப்பா எங்கள் மூன்று கார்ட்டையும் வாங்கி, இடது சப்பாத்தைக் கழற்றி, உள்ளே இருந்த தோலைக் கிளப்பி, அதற்கடியில் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஒட்டுநாடாவால் ஒட்டினார். ஏனென்றால் நீங்கள்தான், "தென்னமெரிக்கா முழுக்கக் கள்ளர். ஒண்டையும் பொக்கற்றில வைக்காதை, சப்பாத்துக்க வை" என்று சொல்லியிருந்தீர்கள். சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு வாங்கிய கறுத்தச் சப்பாத்து அது. முப்பத்துநாலு பாகை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, இடது கால் வலது காலைவிடக் கால் அங்குலம் உயர்ந்த நிலையில், அப்பா தென்னமெரிக்கக் கண்டத்துக்குள் நொண்டியபடி காலடி வைத்தார். கள்ளர் ஒருவரையும் காணவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் சாமானைத் தொலைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எங்கள் பஸ்ஸில் எங்களைத் தவிர முப்பது பேர். எல்லோரும் பென்சன் எடுத்த ஆங்கிலேயர். அவர்களுக்குத் தலைவி போல டொரீன் என்று ஒரு அம்மா, லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீதி கடக்க உதவும் வேலை பார்த்தவர். வழிகாட்டியின் பெயர் இசபெல். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தார். முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போய், ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பெரும் எண்ணிக்கையில் வந்து இந்த நகரத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போன கதையைச் சொன்னார். முப்பது ஆங்கிலேயரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். பிறகு மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம். மஞ்சள், நீலம், செங்கல் நிறத்தில் வீடுகள், ஒவ்வொரு மாடத்திலும் பூங்கொடி, தலையில் பழத்தட்டோடு பெண்கள். "இந்த விலைக்கு மாம்பழம் குடுத்தா என்னெண்டு கடை நடத்திறது?" என்று அப்பா மட்டும் கவலைப்பட்டார்.

மத்தியானம் ஒரு பழைய தேவாலயத்துக்கு வந்தோம். அம்மாவை உங்களுக்குத் தெரியும். லண்டன் ஆர்ச்வே முருகனோ ஊரிலுள்ள மடு மாதாவோ, வாசலைக் கண்டால் அம்மாவின் கால் தானாகவே சப்பாத்தை உதறிவிடும். சேலைக்குக் கீழே போட்டிருந்த ஓட்டச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, கழட்டிப்போட்டு வாங்கோ."

"நகுலா, உதுக்குள்ள..." என்று அப்பா கண்ணால் இடது காலைக் காட்டினார். "நீர் போட்டு வாரும். நான் வெளியில நிக்கிறன்."

"பெரிய வியாழக்கிழமையும் அதுவுமா, வாசல்ல நிண்டு ஆரைக் காவல் காக்கப்போறியள்?"

அப்பா கழற்றினார். என்னைக் கூப்பிட்டு, "டேய், கண்ணை எடுக்காதை. உது சப்பாத்தில்லை, எங்கட மூண்டு பேற்ற உயிர்" என்றார். இதற்கிடையில் டொரீன் என்னிடம் வந்து, நாங்களும் கழற்ற வேண்டுமா தம்பி என்று ஆங்கிலத்தில் கேட்டார். இசபெல் உள்ளே போய்விட்டார். பெரியப்பா, நான் நல்ல பிள்ளை. ஆனால் முப்பது பேர் ஒரு பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற வாய்ப்பு ஒருவனுக்கு எத்தனை தரம் வரும்? "ஓம், கட்டாயம் கழற்ற வேண்டும். இங்கே மிகவும் கண்டிப்பு. சொக்ஸையும்" என்றேன். அறுபது கால்களும் வெளியே வந்தன. ஸ்பானியரின் பழைய காலனியில் ஆங்கிலேயரின் காலணியை அடுக்கிய முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான். வெயிலில் சுடுமே என்று, வாசல் ஓரம் நிழலில் நீளமாக ஒரு மேசை இருந்தது, அதற்கடியில் முப்பத்திரண்டு சோடியையும் வரிசையாக அடுக்கினேன். மேசைக்கு மேலே உடுப்பு மூட்டைகள் இருந்தன. யாரோ துணி துவைக்கக் கொண்டுவந்தவை என்று நினைத்தேன். பிறகு, காவல்காரனுக்கும் தாகம் எடுக்கும் அல்லவா, மூலையில் ஐஸ் விற்றவரிடம் போய் வந்தேன். ஐந்து நிமிடம். சரி, பத்து. திரும்பி வந்தபோது நிழல் இருந்தது, மேசை இருந்தது, சப்பாத்து ஒன்றும் இல்லை.

எல்லோரும் வெளியே வந்தார்கள். மத்தியான வெயிலில் கருங்கல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது பென்சன்காரரும் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கினார்கள். முழங்கால் வலிக்காரர் எல்லோரும் குதித்ததைப் பார்த்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன். இசபெல் தேவாலயப் பராமரிப்பாளரிடம் ஓடி விசாரித்துவிட்டு வந்து, தலையில் கை வைத்தபடி சொன்னார்: அது ஏழைகளுக்கு உடுப்பும் சப்பாத்தும் சேர்க்கும் மேசையாம். பெரிய வியாழனுக்காக ஒரு சபை சேர்க்கிறதாம். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கி வைத்த தானத்தை இதுவரை கண்டதில்லை என்று கண்ணீர் விட்டபடி தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மதிலுக்கு வெளியே கெத்செமனி என்ற பகுதியில் ஒரு மண்டபத்தில் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அப்பா சிட்டையை எடுத்து மூன்று கோட்டையும் பார்த்தார். "கார்ட் இல்லாட்டி ஏறேலாது" என்றார். "கப்பல் போயிடும். அண்ணை சொன்னது சரியாப் போச்சு." நீங்கள்தான் அந்த அண்ணை. ஐயாயிரம் மைல் தள்ளியும் அப்பாவின் காதுக்குள் நீங்கள்தான் நின்றீர்கள்.

"உங்கட அண்ணை கிடக்கட்டும்" என்றார் அம்மா. "நடவுங்கோ."

இசபெல்லின் கையிலிருந்த மஞ்சள் குடையை வாங்கி விரித்துக்கொண்டு, பட்டுச் சேலையும் வெறுங்காலுமாக அம்மா முன்னால் நடந்தார். பின்னால் அப்பா, நான், முப்பது ஆங்கிலேயர். சூட்டை மறக்க அம்மா ஒரு தேவாரத்தை எடுத்தார். டொரீன் தனக்குத் தெரிந்த கோயில் பாட்டை அதற்கு மேலே போட்டார். அன்று என்ன நாள், பெரியப்பா? பெரிய வியாழன். ஊர் மக்கள் கோயில் கோயிலாகப் போகிற நாள். கடல் கடந்து வந்து வெறுங்காலோடு பாடிக்கொண்டு போகும் கிழவர்களைக் கண்டதும் வீதியோரத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாடங்களில் நின்றவர்கள் சிலுவை போட்டார்கள். ஒருவர் கல்லின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் டொரீனின் கையில் மெழுகுதிரியைக் கொடுத்தார். பிறகு பின்னாலேயே நடக்கத் தொடங்கினார்கள். மணிக்கூட்டுக் கோபுர வாசலைத் தாண்டும்போது இருநூறு பேர் இருந்திருப்போம். பொலிஸ்காரர் கார்களை நிற்பாட்டி எங்களுக்கு வழி விட்டார். ஒரு கடற்படையால் முடியாததை என் அம்மா ஒரு குடையோடு முடித்தார்.

மண்டபத்துக்குள் போனால், சப்பாத்துகள் எல்லாம் ஒரே குவியல். அஞ்சலீனா என்று ஒரு கன்னியாஸ்திரி தலைமை தாங்கினார். இசபெல் விளக்கியதும், பாவம், அவர் முகம் வாடிவிட்டது. ஆங்கிலேயர் வரிசையாக நின்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்களே தவிர ஒருவரும் குனியவில்லை. அப்போதுதான் அப்பா சேட்டுக் கையை மடித்தார். பதினொரு வருடமாகக் காலை ஐந்து மணிக்கு மரக்கறிப் பெட்டி இறக்கிப் பிரிக்கிற மனிதர் அவர். குவியலை ஒரு தரம் பார்த்தார். "பெரிசு அங்கால, சின்னது இஞ்சால. குதி உள்ளது சுவரோரம். தம்பி, சோடி சேர்!" கடைக் குரல். ஆங்கிலமும் இல்லை, ஸ்பானிஷும் இல்லை, முழுத் தமிழ். ஆனால் டொரீன் குதிச்சப்பாத்தைச் சுவரோரம் கொண்டுபோனார், கன்னியாஸ்திரி சின்னச் சப்பாத்தை இஞ்சால கொண்டுவந்தார். ஒவ்வொருவர் காலையும் ஒரு பார்வை பார்த்து, தக்காளியை எறிவது போல அப்பா சப்பாத்தை எறிய, அவரவர் பிடித்தார்கள். இருபது நிமிடத்தில் முப்பத்தொரு சோடி. முப்பத்திரண்டாவது இல்லை. அது அப்பாவுடையது.

அஞ்சலீனா வாயைப் பொத்திக்கொண்டார். கறுத்தச் சப்பாத்தோ? அதை அப்போதே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. பிளாஸ்கில் கோப்பி விற்கிற வயதானவர், வைக்கோல் தொப்பி போட்டிருப்பார், சதுக்கத்துப் பக்கம் போனார் என்று இசபெல் மூலம் சொன்னார்.

மணி நாலு. அப்பா ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அம்மா சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். முப்பது பேரும், ஊர்வலத்தில் மிச்சமிருந்தவர்களும் எங்களுக்குப் பின்னால். சதுக்கத்தில், ஒரு சின்னத் தேவாலயத்தின் முன்னால் இருந்த வாங்கில், அந்தப் பெரியவர் ஒரு காலுக்கு மேல் மறு காலைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தின் மினுக்கத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவருக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. சப்பாத்து உங்கடைதான். உள்ளுக்க இருக்கிறது மட்டும் என்ர."

பெரியவர் ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னார்.

"ஓம், ஓம், அது தெரியும். ஆனா கப்பல் அஞ்சு மணிக்கு" என்றபடி அப்பா அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பெரிய வியாழனன்று, தேவாலய வாசலில், ஒரு பரதேசி வெறுங்காலோடு வந்து ஒரு ஏழையின் முன்னால் முழந்தாளிட்டுச் சப்பாத்தைக் கழற்றுகிறான். இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவிய நாள் அல்லவா, கூட்டம் எங்களைச் சுற்றி நெருங்கியது. அன்று மாலை பாதம் கழுவும் சடங்குக்காக உள்ளே ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, அகன்ற எனாமல் கோப்பையும் தண்ணீர்ச் சாடியும் துவாயுமாக ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"இஞ்சாருங்கோ, தண்ணி வந்திட்டுது. கழுவுங்கோ" என்றார் அம்மா.

"நகுலா, நேரம் நாலேகால்!"

"நாலே கால் கிடக்கட்டும். முன்னால இருக்கிற ரெண்டு காலைக் கழுவுங்கோ. சனம் பாக்குது."

தன் காலையே அம்மா கத்தினால்தான் கழுவுகிற அப்பா கழுவினார். "முருகா, முருகா" என்று முணுமுணுத்தபடி வலது காலை முடித்தார்; ஒவ்வொரு முருகாவுக்கும் பின்னால் நின்ற ஒரு கிழவி "ஆமென்" போட்டார். இடது சப்பாத்தைக் கழற்றியதும் கையை உள்ளே விட்டு, தோலைக் கிளப்பி, ஒட்டுநாடாவைக் கிழித்தார். மூன்று கார்ட்டும் மினுங்கிக்கொண்டு வெளியே வந்தன. அப்பா அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டம் ஏதோ புனிதப் படம் என்று நினைத்து ஆரவாரித்தது. இரண்டு பேர் தொட்டும் கும்பிட்டார்கள். ஒன்றில் இருந்தது, குளித்து முடித்த கோழி போல நான் முழிக்கிற படம்.

பெரியவருக்கு அப்போது விசயம் விளங்கிவிட்டது. சப்பாத்தைத் தூக்கி அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கி, துவாயால் அவருடைய காலைத் துடைத்து, தானே திரும்பப் போட்டுக் கயிற்றையும் கட்டிவிட்டார். "உங்களுக்குத்தான் அண்ணை அளவு. எனக்கு உது கலியாண வீட்டிலயே கடிச்சது." பெரியவர் எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து ஒரு சின்னக் கோப்பை கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நாலு இருபத்தைந்துக்கு, கப்பலைப் பற்றிய கவலையே இல்லாமல், என் அப்பா நடுச்சதுக்கத்தில் நின்று அதை ஊதி ஊதிக் குடித்தார். "சீனி கொஞ்சம் கூட" என்றார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு பஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல் படியில் நின்ற அதிகாரி அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார். மூன்று கார்ட்டையும் விசிறி போல விரித்து நீட்டினார். மூன்று தரம் மணி அடித்தது. பின்னால் முப்பது பேரும் "தவா! தவா!" என்று கத்தினார்கள். உங்கள் தம்பி தவராசாவைத்தான், பெரியப்பா. அன்றிரவுச் சாப்பாட்டுக்கு டொரீன் தன் மேசையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்தார். அப்பா கோட்டும் டையும் குளியலறைச் செருப்புமாக வந்தார். மண்டபமே எழுந்து நின்றது.

ஆகவே, மானம் ஏறவில்லை, ஆட்கள் ஏறினோம், அதுவும் எட்டு நிமிடம் மிச்சம் வைத்து. இதை லாச்சப்பலில் நீங்கள் வழக்கமாகக் கூடும் கடையில் உரத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்னவன் பெரியவர்களை ஆசீர்வதிக்கக் கூடாது என்பதால், நீங்களும் பெரியம்மாவும் எல்லா நலமும் பெற்று எங்களை ஆசீர்வதிக்கும் நிலையில் நெடுங்காலம் இருக்க வேண்டுமென்று ஆர்ச்வே முருகனைக் கேட்டுக்கொண்டு, முழங்காலை விசாரித்ததாகவும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மகன் என்பதில் அன்றிலிருந்து தலை கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும்,
மிதுலன் தவராசா

பி.கு.: இந்தப் பகுதியை மட்டும் உரத்து வாசிக்க வேண்டாம். கார்த்தகேனாவுக்கு முந்திய துறைமுகத்தில் கடலில் குளிக்கும்போது என் கார்ட் போய்விட்டது. அப்பா ஏசுவார் என்று சொல்லவில்லை. படியில் நின்ற பெண் என் பெயரைக் கேட்டார், கம்பியூட்டரில் இருந்த படத்தைப் பார்த்தார், சிரித்தார், ஒரு நிமிடத்தில் புதுக் கார்ட் அடித்துத் தந்தார். தினமும் பத்துப் பேர் தொலைக்கிறார்களாம். டொரீன் அதுவரை மூன்று தொலைத்திருந்தார். அதாவது, கார்ட் இல்லாமலே ஏறியிருக்கலாம். ஊர்வலம், குவியல், கால் கழுவியது ஒன்றுமே தேவையில்லை. தேவாலய வாசலில் ஏச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன், அது பிழைதான். ஆனால் மண்டபத்தில் உண்மையாகவே சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பெரியப்பா. அதற்குள் அப்பா ஓடத் தொடங்கிவிட்டார். கடைக்குள் நிற்கிறதைத்தான் நான் கண்டிருக்கிறேன், அவர் ஓடி நான் கண்டதே இல்லை. அந்த வேகத்தை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை.